பிள்ளைகள் வீட்டுக்கு வெளிநாடு போகிற அம்மாக்களுக்கு: குப்பை போடும் முறை

பேறுகாலம் பார்க்க, பேரப்பிள்ளையைத் தூக்க என்று வெளிநாடு கிளம்புகிறவர்களுக்குப் பெட்டியில் எத்தனை கிலோ போடலாம், குளிருக்கு என்ன உடுத்தலாம், இமிகிரேஷனில் என்ன கேட்பார்கள் என்று ஊரே சொல்லிக்கொடுக்கும். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் வெங்காயத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாளியில் போடுவது என்று நிற்கும்போது சொல்லித்தர ஆள் இருக்காது. மகள் பிள்ளை பெற்ற களைப்பில் படுத்திருப்பாள், மருமகன் ஆபீஸ் போயிருப்பார்.

நான் பாளையங்கோட்டை பெருமாள்புரத்துக்காரி. மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், மகன் ஜப்பானில் யோகோஹாமா. இரண்டு வீட்டிலும் மாதக்கணக்கில் அடுப்படி என் பொறுப்பில் இருந்தது. அடுப்படி யார் கையிலோ, குப்பையும் அவர்கள் கையில்தான். எங்கள் தெருவில் யாருக்காவது விசா வந்துவிட்டால் என்னிடம் வந்து விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஜெர்மன்காரன் சுத்தம், ஜப்பான்காரன் ஒழுங்கு, நம்ம ஆட்களுக்குத்தான் புத்தி கிடையாது" என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நான் பார்த்தவரை, ஒரு ஊரில் குப்பையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பையை வாங்கிக்கொள்கிற ஆள். அவருக்குக் காசு யார் கொடுக்கிறார்கள், பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பாரா, எடை போடுவாரா, எரிப்பாரா, விற்பாரா? இது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். நீலத் தொட்டி என்றால் ஜெர்மனியில் பல ஊர்களில் காகிதம். சிங்கப்பூரில் அதே நீலத்தில் காகிதம், கண்ணாடி, டின், பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றாகப் போகும்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கே மகளிடமோ மருமகளிடமோ எந்தக் கிழமை எதை எடுக்கிறார்கள், எந்தப் பையில் கட்ட வேண்டும், கழுவிப் போட வேண்டுமா சும்மா போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிலைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் "அது ஆப்பில் இருக்கும்மா" என்பார்கள். ஆப் அவர்கள் போனில் இருக்கும், மாவுக்கை நம்முடையது.

ஜெர்மனி

அங்கே பொதுவாக நான்கு வழி. காகிதத்துக்கு நீலம், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு, வேறெதிலும் சேராத மீதிக் குப்பைக்குக் கறுப்பு அல்லது சாம்பல் நிறத் தொட்டி, அப்புறம் ஒரு மஞ்சள் பை. நம்மைக் குழப்புவது இந்த மஞ்சள் பைதான். பிளாஸ்டிக் எல்லாம் அதில் போகும் என்று நினைப்போம். பொருளைச் சுற்றி வந்த உறைக்கு மட்டுமே அது: தயிர் டப்பா, பால் வருகிற அட்டைப் பெட்டி, பிஸ்கட் தாள், தக்காளி டின். உடைந்த பிளாஸ்டிக் வாளியும் பழைய பல்துலக்கும் பிரஷும் பெரும்பாலான ஊர்களில் மஞ்சளில் சேராது, மீதிக் குப்பைக்குத்தான்.

ஏன் இந்தப் பாகுபாடு? 1991-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. உறையைச் சந்தைக்கு விடுகிற கம்பெனியே அதைத் திரும்ப எடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றார்கள். ஆகவே மஞ்சள் பையின் கூலி தயிர் விற்றவரும் பிஸ்கட் விற்றவரும் கட்டியது. வாளி செய்தவர் அப்படி எதுவும் கட்டவில்லை, அதனால் வாளிக்கு அங்கே இடமில்லை. மீதிக் குப்பைத் தொட்டிக்கோ குடியிருப்பவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். மகள் வீட்டில் அந்தத் தொட்டியை முடிந்தவரை காலியாக வைத்திருக்க ஏன் அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இது தெரிந்த பிறகுதான் விளங்கும்.

தயிர் டப்பாவைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். கரண்டியால் வழித்துவிட்டால் போதும். மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை முழுக்கக் கிழித்துத் தனியாகப் போடுங்கள், பிரிக்கிற இடத்தில் இரண்டும் வேறு வேறு வழி போகின்றன. கடை பில்லை நீலத் தொட்டியில் போடாதீர்கள். அந்த வழுவழுப்பான தாளில் ரசாயனப் பூச்சு உண்டு, அதனால் மீதிக் குப்பைதான். எண்ணெய் ஊறிய பீட்சா அட்டையும் அப்படியே. பிள்ளையின் டயப்பரும் அங்கேதான், வேறு எங்கேயும் இல்லை.

பழுப்புத் தொட்டிக்கு நம் வீட்டுக் கழிவு நிறையச் சேரும். காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு, முருங்கைச் சக்கை எல்லாம் போகலாம். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடக்கூடாது. 'மக்கும் பை' என்று கடையில் விற்பதைக்கூடப் பல ஊர்களில் ஏற்பதில்லை. நான் செய்தது பழைய செய்தித்தாளில் பொதிந்து போடுவது. டிசம்பர், ஜனவரியில் தொட்டியின் அடியில் செய்தித்தாளை மடித்துப் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் ஈரக்குப்பை உறைந்து அடியோடு ஒட்டிக்கொள்ளும், வண்டிக்காரர் கவிழ்த்தாலும் விழாது.

கண்ணாடிக்குத் தெருமுனையில் பெரிய தொட்டிகள் இருக்கும். வெள்ளை, பழுப்பு, பச்சை மூன்றும் தனித்தனி. நீல பாட்டில் வந்தால் பச்சையில் போடலாம். ஊறுகாய் ஜாடியும் ஜாம் பாட்டிலும் போகும். குடிக்கிற கண்ணாடித் தம்ளர் உடைந்தால் அது அங்கே போகாது, அதன் உருகுநிலை வேறு. ஞாயிற்றுக்கிழமையும் இரவு நேரத்திலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். பாட்டில் விழுகிற சத்தத்துக்கு அங்கே கோபம் வரும், சட்டமும் அவர்கள் பக்கம்.

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கேர்வோகே என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு வீடாக மாடிப்படியையும் வாசல் நடையையும் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். டவுனில் வளவு வீட்டில் முறைபோட்டு முற்றம் பெருக்கி வளர்ந்தவளுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பலகை தொங்கினால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள், அந்த வாரம் மாடிக்காரப் பாட்டி நிச்சயம் சிரித்துப் பேசுவார்.

ஒரே பாட்டில், மூன்று ஊர்

எங்கள் தெருவில் அதிகம் கேட்கப்படுவது தண்ணீர் பாட்டிலைப் பற்றித்தான். இதில் ஒரு ஊரில் சரியாகச் செய்வது இன்னொரு ஊரில் நஷ்டம்.

ஜெர்மனியில் பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் நசுக்கவே கூடாது, லேபிளையும் கிழிக்கக் கூடாது. வாங்கும்போதே ஒன்றுக்கு 25 சென்ட் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள், நம் பணத்தில் இருபது ரூபாய்க்கு மேல். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு மெஷின் இருக்கும். அதன் வாய்க்குள் பாட்டிலை வைத்தால் உருட்டி லேபிளைப் படித்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் போட்டு முடித்துப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். நசுங்கியிருந்தால் மெஷினுக்குப் படிக்க வராது, திருப்பித் துப்பிவிடும். திரும்பக் கழுவி நிரப்புகிற பாட்டில்களுக்குத் தொகை குறைவு: பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், தண்ணீர் வருகிற கனமான பாட்டிலுக்கு 15. இந்த ஏற்பாடு 2003-இல் வந்தது. முதலில் சில பானங்களுக்கு மட்டும் இருந்ததை 2022-இல் அநேகமாக எல்லாப் பான பாட்டிலுக்கும் விரித்தார்கள். பார்க்கில் குப்பைத் தொட்டிக்கு உள்ளே போடாமல் பக்கத்தில் பாட்டிலை நிறுத்தி வைத்திருப்பார்கள். பொறுக்கிப் பிழைப்பவர் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மூடி கழன்று வராமல் பாட்டிலோடு தொங்கிக்கொண்டிருக்கும். கோளாறு என்று பிய்த்துப்போட்டு விடாதீர்கள். 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க மூன்று லிட்டர் வரையிலான பாட்டில்களுக்கு மூடி அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். தனியாக விழுந்த மூடி கடலுக்குப் போய்விடுகிறது என்பது காரணம்.

ஜப்பானில் அப்படியே தலைகீழ். மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அந்த இரண்டையும் பிளாஸ்டிக் உறைப் பையில் போட வேண்டும். பாட்டிலை அலசி, மிதித்துத் தட்டையாக்கிப் பாட்டில் பையில் போட வேண்டும். காசு எதுவும் திரும்ப வராது. லேபிள் உரிக்க வசதியாக ஓரத்தில் புள்ளிபுள்ளியாகத் துளை போட்டே தருகிறார்கள். கம்பெனிக்காரர்களை அந்த ஒரு விஷயத்துக்காகவாவது பாராட்டலாம்.

நம் ஊரில் பழைய இரும்புக்கடைக்கு எடைதான் கணக்கு. நசுக்கினால் சாக்கில் நிறையப் பிடிக்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் கடைக்காரர் முகம் மாறும். நமக்கு டெபாசிட் புதிதா என்ன? முன்பெல்லாம் சோடா, கலர் பாட்டிலைத் திருப்பித் தராமல் அண்ணாச்சி கடையை விட்டு நகர முடியாது. அரசு மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பித் தருவதை 2022-இல் நீலகிரியில் தொடங்கினார்கள். காட்டில் உடைந்த கண்ணாடி யானைக் காலில் குத்துகிறது என்று நீதிமன்றம் வரை போன விவகாரம் அது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. பணம் திரும்ப வரும் என்றால் எந்த ஊர்க்காரனும் பாட்டிலை வீசமாட்டான்.

ஜப்பான்

இங்கே பையை வாங்குகிற ஆளுக்கு முன்னால் பையைப் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரர். வீட்டுக்கு வீடு வண்டி நிற்காது. தெருவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எல்லாரும் பையைக் கொண்டு வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள் வைத்துவிட வேண்டும், முந்தின ராத்திரியே வைக்கக்கூடாது. உள்ளே இருப்பது தெரிகிற பைதான் செல்லும். தப்பாகக் கட்டியிருந்தால் ஒரு சீட்டை ஒட்டி அங்கேயே விட்டுப்போவார்கள், தெரு முழுக்க அதைப் பார்க்கும். அந்த இடத்தைப் பெருக்கிப் பராமரிப்பதும் தெருக்காரர்கள்தான். மேலே ஒரு வலை போட்டிருக்கும், காக்காய்க்காக. பையை வைத்த பிறகு வலையை இழுத்து முழுக்க மூட மறக்காதீர்கள். யோகோஹாமா காக்காய் நம் ஊர்க் காக்காயைவிடப் பெரிது, விவரமும் கூட.

சமையல் கழிவு அங்கே எரிகிற குப்பையோடு போகிறது. ஜப்பானில் வீட்டுக் குப்பையின் பெரும்பகுதி எரிக்கப்படுகிறது. எரிக்கப்போகிறவருக்குத் தண்ணீர்தான் எதிரி. அதனால் காய்கறிக் கழிவை நன்றாகப் பிழிந்து போடச் சொல்வார்கள். சிங்க்கின் வடிகட்டியில் மாட்ட மெல்லிய வலைப்பைகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ரசத்து மண்டி, சாம்பார்ப் பருப்பு எல்லாம் அதில் வடிந்து நிற்கும். ராத்திரி பிழிந்து, காலையில் கட்டிப் போடலாம்.

வடை சுட்ட எண்ணெயை என்ன செய்வது? சிங்க்கில் ஊற்றவே கூடாது. மளிகைக் கடையில் ஒரு பொடி விற்கிறார்கள், ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுப்பது. அடுப்பை அணைத்தவுடன் சூடான எண்ணெயில் அதைத் தூவிக் கரைத்துவிட்டால், ஆறின பிறகு எண்ணெய் முழுவதும் சோப்புக்கட்டி பதத்துக்கு உறைந்துவிடும். தோசைத் திருப்பியால் வழித்து எரிகிற குப்பையில் போட வேண்டியதுதான். பொடி இல்லாவிட்டால் பழைய துணியிலோ காகிதத்திலோ உறிஞ்சவிட்டுப் போடலாம். இந்தப் பொடியில் கொஞ்சம் ஊருக்கும் வாங்கி வந்தேன். தீபாவளி முடிந்த மறுநாள் சட்டியில் நிற்கிற எண்ணெய்க்கு அதைவிட நல்ல வழி இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

பால் அட்டைப்பெட்டியைக் கழுவி, கத்தரியால் வெட்டி விரித்து, காயவைத்து, சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். செய்தித்தாளை நூல்கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், ஏசி இந்த நான்குக்கும் 2001 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, தூக்கிப்போடுகிறவர்தான் கட்டணம் கட்ட வேண்டும். தீபாவளி எக்ஸ்சேஞ்சில் பழைய ஃபிரிட்ஜுக்கு இரண்டாயிரம் தள்ளுபடி கேட்டு நிற்கிற நமக்கு இது ஜீரணமாக நாளாகும்.

வெளியே கிளம்பும்போது கைப்பையில் ஒரு காலிக் கவர் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பைத்தொட்டியே கண்ணில் படாது. 1995-இல் டோக்கியோ ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடத் தொட்டிகளை நிறைய எடுத்துவிட்டார்கள். மிட்டாய்த் தாளை வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும்.

மகன் வீட்டுக் கெடுபிடியே அதிகம் என்று தோன்றினால், ஷிகோகு தீவில் கமிகாட்சு என்று ஒரு மலைக் கிராமம் இருக்கிறது. 2003-இல் குப்பையே இல்லாத ஊர் ஆவோம் என்று தீர்மானம் போட்டவர்கள். அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள், வண்டியும் வராது, ஜனங்களே நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். கொஞ்சம் பேர் இருக்கிற ஊருக்கு அது சரி. பெருமாள்புரத்தில் நாற்பது வாளி வைத்தால் ஆட்கள் நடக்க வழி இருக்காது.

கொரியா, தைவான், அமெரிக்கா, சிங்கப்பூர்

எதிர்வீட்டு மதினியின் மகன் கொரியாவில் சுவோனில் வேலை பார்க்கிறான். அங்கே மிச்சச் சோற்றுக்கு எடைபோட்டுக் காசு வாங்குகிறார்கள். அடுக்குமாடியின் கீழே ஒரு பெட்டி இருக்கும். அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டினால் கிராம் கணக்கு வரும், மாதக் கடைசியில் பில். 2005-லிருந்து உணவுக் கழிவை நிலத்தில் கொட்டத் தடை, அதைத் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றுகிறார்கள். எது உணவுக் கழிவு, எது இல்லை என்பதற்கு அங்கே ஜனங்கள் வைத்திருக்கும் கணக்கு, கால்நடை தின்னுமா என்பது. எலும்பு, முட்டை ஓடு, நண்டு ஓடு, கொட்டை எல்லாம் சேராது. மதினி அங்கே போய் இரண்டே நாளில் பழகிவிட்டாள். கழனிப் பானையில் எதைப் போடலாம், எதைப் போட்டால் மாட்டுக்கு ஆகாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரை வடித்துக் கொட்டினால் பில் குறையும் என்பதை மட்டும் மகன் சொன்னானாம்.

தைவானில் பீத்தோவன் இசையை ஒலிக்கவிட்டுக்கொண்டு குப்பை வண்டி வரும். சத்தம் கேட்டதும் பையோடு இறங்கி நீங்களே வண்டியில் போட வேண்டும், தெருவில் வைக்கக்கூடாது. நம் பேட்டரி வண்டியும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறது, வாசலில் நிற்கப் பழகியவர்களுக்கு அங்கே கஷ்டமில்லை.

அமெரிக்காவில் பல ஊர்களில் மறுசுழற்சிக்கு எல்லாமே ஒரே பெரிய தொட்டி. சுலபம் என்று தோன்றும். அதனாலேயே ஆகாததையும் "எடுத்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையில் உள்ளே தள்ளிவிடுவோம். பிளாஸ்டிக் கேரிபேகை அந்தத் தொட்டியில் போடாதீர்கள். பிரிக்கிற ஆலையில் உருளைகளில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். பாட்டிலுக்குக் காசு திரும்பத் தருவது பத்து மாநிலங்களில்தான். மிச்சிகனில் 10 சென்ட், ஆனால் சோடா, பீர் போன்றவைக்குத்தான், சாதாரண தண்ணீர் பாட்டிலுக்கு இல்லை. சிங்க்கின் அடியில் அரைக்கும் மெஷின் இருக்கும் வீடுகளில் முருங்கைச் சக்கை, வாழைப்பூ நார், கறிவேப்பிலைக் காம்பு எதையும் உள்ளே விடாதீர்கள். நார் சுற்றிக்கொண்டால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும், அங்கே பிளம்பர் கூலியைக் கேட்டால் தலை சுற்றும்.

சிங்கப்பூரில் அடுக்குமாடியிலிருந்து குழாய் வழியாகக் கீழே தள்ளிவிடலாம், யாரும் பார்ப்பதில்லை. அதனால் பிரிக்கும் பழக்கமும் மெதுவாகத்தான் வந்தது. நீலத் தொட்டியில் போடுவதாக இருந்தால் சுத்தமாக, ஈரமில்லாமல் போடுங்கள். ஒருவர் போட்ட குழம்பு டப்பா தொட்டி முழுவதையும் பாழாக்கும். பழைய பேப்பர், துணி வாங்க வீடுவீடாக வருகிற ஆள் அங்கேயும் உண்டு.

இவ்வளவு கவனமாகப் பிரித்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்டால், வெகுகாலம் அதில் பெரும் பங்கு கப்பல் ஏறிச் சீனாவுக்குப் போனது. 2018-இல் சீனா கதவைச் சாத்தியதும் பணக்கார நாடுகள் திண்டாடிப் போயின. அடுத்தவர் குப்பை நம் வாசலுக்கு வந்த அனுபவம் நமக்கும் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவை லாரியில் கொண்டுவந்து திருநெல்வேலியை ஒட்டிய கோடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அரசே வண்டி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது.

ஊருக்குத் திரும்பிய பிறகு

வெளிநாட்டில் நான்கு தொட்டிக்கும் ஓடி ஓடிப் போட்டவர்கள் இங்கே வந்ததும் எல்லாவற்றையும் ஒரே கேரிபேகில் கட்டி வாசலில் வைப்பதைப் பார்க்கிறேன். "இங்கே பிரித்து என்ன, எல்லாம் ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்குக்குத்தானே போகுது?" என்பார்கள். பிரிக்காததுதான் அந்தக் கிடங்குக்குப் போய் மலையாகிறது, கோடையில் தீப்பிடித்தால் புகை வீட்டு வாசல் வரை வருகிறது. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கான குப்பை என்று வகை பிரித்துத் தர வேண்டும் என்று 2016-லேயே நாடு முழுவதற்கும் விதி வந்துவிட்டது.

நம் ஊரில் வாங்கிக்கொள்கிற ஆட்கள் பல பேர். தூய்மைப் பணியாளர் அக்கா, பழைய பேப்பர் கடைக்காரர், பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர், மாடு வைத்திருக்கும் வீட்டுக்காரர். யாருக்கு எது வேண்டும் என்று பார்த்துப் பிரித்தால் மிஞ்சுவது ஒரு சின்னப் பைதான்.

சமையல் கழிவை வெளியே அனுப்பவே வேண்டாம். பக்கத்தில் மாடு இருந்தால் கழனித் தண்ணீரையும் காய்த்தோலையும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு மண்தொட்டி, அல்லது பழைய பெயின்ட் வாளி போதும். பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டு, அடியில் தேங்காய் நாரைப் பரப்புங்கள். தினமும் கழிவைப் போட்டு, மேலே இரண்டு கை வேப்பஞ்சருகோ மாஞ்சருகோ தூவி மூடுங்கள். வாரம் ஒரு தடவை புளித்த மோரையோ சாணிக் கரைசலையோ தெளித்துக் கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகைக் கூட்டுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், அது வேலை பார்க்கிறது. சித்திரை வெயிலில் காய்ந்து எறும்பு ஏறும், அப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். ஒன்று நிறைந்ததும் அதை மூடிவைத்து அடுத்ததைத் தொடங்கினால், அது நிறைவதற்குள் முதல் தொட்டியில் மண்வாசனை வந்துவிடும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஊறுகாய், எண்ணெய், நிறைய எலுமிச்சைத் தோல் வேண்டாம். மீன் செதிலையும் எலும்பையும் தென்னை மூட்டில் ஆழமாகப் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் பெருச்சாளி தோண்டும்.

பால் கவரின் நுனியைத் தனியே துண்டாக வெட்டாதீர்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறினால் போதும், அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. கவரைக் கழுவித் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துச் சேர்த்தால் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்கிற கடை உண்டு. செய்தித்தாள், நோட்டு, அட்டை மூன்றையும் கலந்து கொண்டுபோனால் எல்லாவற்றுக்கும் அட்டை விலைதான் கிடைக்கும், தனித்தனியாகக் கட்டுங்கள். ஆங்கிலப் பேப்பருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள். அது ஏன் என்று கேட்டு எனக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைத்ததில்லை.

எங்கள் தெருவில் மக்காத குப்பைக்குப் புதன்கிழமை. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் தாள் போன்றவற்றைக் கடைக்காரர் தொடமாட்டார், பல அடுக்கு ஒட்டிய தாள் என்பதால் பிரித்து உருக்க முடியாது. இவற்றைத் துடைத்துக் காயவைத்து ஒரு சாக்கில் சேர்த்துப் புதன்கிழமை கொடுக்கிறேன். இப்படிப்பட்டதைச் சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாக எரிப்பதும் உண்டு, தார்ச்சாலைக்குப் பயன்படுத்துவதும் உண்டு. பிளாஸ்டிக் சாலை முறையைக் கண்டவர் நம் பக்கத்து மதுரையில், தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவன். சூடான ஜல்லியின் மேல் பொடித்த பிளாஸ்டிக்கைப் போட்டால் உருகிப் பூசிக்கொள்ளும், பிறகு தார் கலப்பார்கள். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பழைய துணியைப் பாபநாசத்தில் ஆற்றில் விடுகிற பழக்கம் மட்டும் எனக்குப் பார்க்கவே பொறுக்காது. படித்துறையில் தாமிரபரணிக்கு அடியில் பாறையைச் சுற்றிச் சேலையும் வேட்டியும் கிடக்கின்றன, தன்னார்வலர்கள் இறங்கி அள்ளுகிறார்கள். பரிகாரத்துக்குத் துணி கொடுக்க வேண்டுமானால் நல்ல துணியாக இருக்கும்போதே ஒருவருக்குக் கொடுங்கள்.

உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பேனாவால் எழுதிப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாப்கினும் டயப்பரும் தனியாகக் காகிதத்தில் பொதிந்து, மேலே ஒரு சிவப்புக் கோடு. வேப்பஞ்சருகைக் கூட்டி எரிக்கும்போது அதற்குள் கவர் ஒன்று கிடந்தாலும் எடுத்துவிடுங்கள். எரிக்காமலே இருந்தால் இன்னும் நல்லது, அந்தச் சருகு தொட்டிக்கு வேண்டும். ரிமோட் பேட்டரி, சி.எஃப்.எல். பல்பு, காலாவதியான மாத்திரை இவற்றை ஒரு மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள். டப்பா நிறைந்ததும் மாத்திரையைத் தனியாக எடுத்து, எல்லாவற்றையும் 'தீங்கான குப்பை' என்று சொல்லி வண்டியில் கொடுக்கலாம். வண்டிக்காரர் புதியவராக இருந்தால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.